புது வலி மாத்திரை வரட்டும், அது யாருக்கு என்பதையும் சொல்லிவிட்டு வரட்டும்

புது தில்லி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமை அதிகாரிக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுசெட்ரிஜின் என்று ஒரு வலி மாத்திரைக்கு, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ. 2025 ஜனவரி 30 அன்று அனுமதி கொடுத்தது. பாஸ்டனில் இருக்கும் வெர்டெக்ஸ் கம்பெனியின் மருந்து, அங்கே ஜர்னாவ்க்ஸ் என்ற பெயரில் விற்கிறது. மார்ஃபின், டிரமடால் மாதிரி அபின் வகை கிடையாது, போதை ஏறாது, பழகிப்போய் விடமுடியாமல் தவிக்கும் பயம் இல்லை என்கிறார்கள். இந்தச் செய்தி தமிழில் வர ஆரம்பித்ததிலிருந்து கடலூர், புதுச்சேரிப் பக்கம் வலியோடு காலம் தள்ளுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இதே பேச்சுதான். என் மகள் பி.ஃபார்ம் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். "அந்த அமெரிக்க மாத்திரை வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டு அங்கே ஆட்கள் வருகிறார்களாம். முதுகு வலிக்காரர், முழங்கால் தேய்ந்தவர், அக்கி வந்து போய் வருஷம் ஆகியும் விலா எரிகிறவர், எல்லோரும்.

அந்த மருந்து வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வேண்டும், சீக்கிரமாகவே வேண்டும். ஆனால் அது யாருக்கு, எந்த வலிக்கு, எத்தனை நாளைக்கு என்பதை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, சொன்ன சொல் மருந்துக்கடை மேசை வரைக்கும் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் விற்க விடுங்கள் என்று கேட்கிறேன். டாக்டரிடம் கேட்கலாம், அவருக்குப் பின்னால் வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். கம்பெனியிடம் கேட்டால் விளம்பரம்தான் வரும். அதனால்தான் உங்களிடம்.

நான் கடலூர் - புதுச்சேரி தடத்தில் தனியார் பஸ் ஓட்டி ஓய்ந்தவன். பழைய வண்டிகளில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். பானெட் சூடு இடது தொடையை வேகவைக்கும், அதே இடது காலால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழி முழுக்க கிளட்சை மிதித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் எனக்கு வந்ததும் இடது காலில்தான். இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, சயாட்டிகா என்றார்கள். இடுப்பில் கிளம்பிப் பின்தொடை வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் சுளீரென்று இறங்கும். தும்மினால் இறங்கும், இருமினால் இறங்கும், குனிந்து வாளியைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவுக்கு வேறு மாதிரி. அவளுக்குச் சுகர். பாதம் இரண்டும் எரியும். ராத்திரி போர்வை நுனி பட்டால்கூடத் தாங்காது, ஈரத்துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு சிமெண்டுத் தரையில் காலை நீட்டியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வேடிக்கை என்னவென்றால் அதே பாதத்தில்தான் உணர்ச்சியும் கிடையாது. ஒரு தடவை பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் சன்னதித் தெருவில் பாதி தூரம் வந்திருக்கிறாள், அதுவும் கத்திரி வெயிலில். பூக்காரம்மா பின்னாலேயே செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கொடுத்தார்கள். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அன்றைக்கு ராத்திரி எரிந்தது கொப்பளத்தால் இல்லை, எப்போதும் எரிகிற எரிச்சல்தான் என்று அவளே சொன்னாள்.

இந்த ஒரு மருந்து எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குள்ளேயே இரண்டு பக்கமாக நிறுத்திவிட்டது. மகள் லீவு நாளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் கிடைத்த அனுமதி பெரியவர்களுக்கு வரும் திடீர் வலிக்கு மட்டும்தான், அதாவது ஆபரேஷன், அடிபட்ட காயம் என்று வந்து சில நாளில் போய்விடும் வலிக்கு. அதற்காக நடந்த பெரிய சோதனைகள் இரண்டு. வயிற்றுச் சதையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட 1,118 பேரிடம் ஒன்று, கால் பெருவிரல் எலும்பில் ஆபரேஷன் செய்துகொண்ட 1,073 பேரிடம் ஒன்று. இரண்டிலும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு வலி குறைந்தது. ஹைட்ரோகோடோன் என்ற அபின் வகை மருந்தையும் பாரசிட்டமாலையும் சேர்த்த மாத்திரையோடு வைத்துப் பார்த்தபோது, அதைவிட இது மேல் என்று காட்ட முடியவில்லை. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவருக்கு இது நல்ல செய்திதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

நாள்பட்ட வலிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு 12 வாரச் சோதனை ஒன்று நடந்திருக்கிறது. 0 முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள் இல்லையா, அதில் 2 புள்ளிக்குக் கொஞ்சம் மேல் குறைந்திருக்கிறது. பக்கத்துக் குழுவில், நரம்பு வலிக்கு ஏற்கெனவே கொடுத்துவரும் பிரிகாபலின் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருக்கிறது. வெறும் மாத்திரை கொடுத்த குழு என்று ஒன்றை அதில் வைக்கவே இல்லை. மூன்றாம் கட்டம், அதாவது அனுமதி கேட்பதற்கு முன் நடத்தும் பெரிய சோதனை, 2024-ல் தொடங்கியது. அடுத்தது சயாட்டிகா, என் வலி. அதன் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு 2.02 புள்ளி குறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.98. அவ்வளவுதான் வித்தியாசம். 2025 ஆகஸ்டில், இந்த வலிக்கு மூன்றாம் கட்டத்துக்கு இப்போதைக்குப் போவதில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

"அப்ப எனக்குக் கேக்கும், உங்களுக்குக் கேக்காதாங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா. அவளுக்குக் கேட்கும் என்பதும் இன்னும் முடிவாகவில்லை என்று மகள் திருத்தினாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் வீட்டுக்காரம்மா காபி போட எழுந்து போய்விட்டாள்.

அந்த 1.98 என்னை விடவில்லை. மருந்தே இல்லாத மாத்திரைக்கு எப்படி 2 புள்ளி குறையும்? அவர்கள் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சோதனையில் சேர்ந்தவரை அடிக்கடி கூப்பிட்டு, உட்கார வைத்து, நேற்று வலி எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, தூங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் போன ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படத்தைத்தான் பார்த்தார்கள், என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. "வயசானா இருக்கத்தான் செய்யும் பெரியவரே" என்று சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார் அந்த டாக்டர். அவர் வயது என் மகள் வயது இருக்கும், நல்ல பையன்தான், நின்றுகொண்டே சாப்பிடுகிற அளவுக்கு வேலை.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டதால்தான் எனக்கு இதன்மேல் மதிப்பு வந்தது. வலி நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் சேனல்கள் என்று வாசல்கள் இருக்கின்றன, மொத்தம் 9 வகை. பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி வகை பார்க்காமல் எல்லா வாசலையும் அடைத்துவிடும், அதனால்தான் கன்னமே மரத்துப் போகிறது. சுசெட்ரிஜின் நேவ் 1.8 என்ற ஒரு வாசலை மட்டும் குறிவைக்கிறது. அது பெரும்பாலும் உடம்பில் வலியை உணரும் நரம்புகளில்தான் இருக்கிறது, மூளையில் அதற்கு வேலை இல்லை. பஸ்காரன் கணக்கில் சொன்னால், கண்டக்டர் விசில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் டிரைவர் காதை அடைக்கும், இது விசிலையே பிடித்துக்கொள்ளும். காதை அடைத்தால் டிரைவர் தூங்கிப்போகிற ஆபத்தும் உண்டு.

இந்த வழியை விஞ்ஞானிகள் தேட ஆரம்பித்த கதையும் சும்மா இல்லை. பாகிஸ்தானில் ஒரு பையன் வீதியில் நெருப்புக் கங்கில் நடந்தும் கையில் கத்தியைக் குத்திக்கொண்டும் வித்தை காட்டினான். நம் பக்கம் தீமிதிக்கிறவர்களுக்குச் சூடு தெரியும், வேண்டுதலுக்காகத் தாங்குகிறார்கள், அவனுக்கு வலி என்றால் என்ன என்றே தெரியாது. பதினான்காவது பிறந்தநாளில் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது நேவ் 1.7 என்ற வாசலைச் செய்யும் மரபணுவில் கோளாறு இருப்பது தெரிந்து, 2006-ல் நேச்சர் பத்திரிகையில் வெளியானது. அதிலிருந்து அந்த 1.7-ஐ அடைக்க எத்தனையோ கம்பெனிகள் முயன்று தோற்ற பிறகுதான் 1.8 கைகொடுத்திருக்கிறது. இவ்வளவு உழைப்பில் வந்த மருந்தை எங்கள் ஊர்க் கடைகளில் எப்படி விற்பார்கள் என்று நினைத்தால்தான் பகீர் என்கிறது.

எப்படி என்று உங்களுக்கே தெரியும். சீட்டு இல்லாமல் போய் "கால் வலிக்கு ஏதாவது குடுங்க" என்றால் போதும். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலு மாத்திரையைத் தருவார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் கடையிலேயே தங்கிவிடும். சின்னக் காகிதக் கவரில் போட்டு மேலே காலை 1, ராத்திரி 1 என்று பேனாவால் எழுதி, "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை. வலி மாத்திரை என்றாலே சாப்பிட்ட பிறகு என்பது எங்கள் எல்லோர் மண்டையிலும் ஏறிய பாடம். சுசெட்ரிஜினின் அமெரிக்கக் குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? முதல் டோஸ் 100 மில்லிகிராம், அதை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது இரண்டு மணி நேரம் கழித்தாவது போட வேண்டும். அதன் பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை 50 மில்லிகிராம். திடீர் வலிக்கு 14 நாளுக்கு மேல் கொடுத்துப் பார்த்ததில்லை என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. வருஷக்கணக்கில் வலியோடு இருப்பவனிடம் அந்த 14 நாளைக் கடைக்காரர் சொல்வாரா? சொன்னாலும் நாங்கள் கேட்போமா? ஒரு வாரம் சாப்பிட்டுக் கொஞ்சம் தேவலை என்று தோன்றிவிட்டால் கடன் வாங்கியாவது அடுத்த அட்டைக்குப் போவோம், அதுதான் உண்மை.

இன்னொன்று, இது என் மகள் கடையில் நின்று கண்டது. இந்த மருந்தைக் கல்லீரலில் உள்ள ஒரு என்சைம்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த என்சைமை முடக்கிப் போடும் மருந்துகளோடு இதைச் சேர்த்து எடுக்கவே கூடாது, உடம்பில் அளவு ஏறிவிடும். அந்தப் பட்டியலில் இட்ராகொனசோல் இருக்கிறது. படர்தாமரைக்குக் கொடுக்கும் கேப்சூல்தான். எங்கள் ஊர் வேர்வைக்கும் ஈரத்துக்கும் வீட்டுக்கு ஒருவருக்குப் படர்தாமரை, அதைச் சீட்டு இல்லாமலே வாங்கி மாசக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். சளிக்கும் தொண்டைக்கும் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் அதே பட்டியலில்தான். எதிர்ப்பக்கம், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அந்த என்சைமை முடுக்கிவிடும், வலி மாத்திரை உடம்பில் நிற்காமல் போய்விடும். கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு இது கூடாது. இதைப் புதுச்சேரிக்காரர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கும், காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் திரையில் எச்சரிக்கை வரும், கடைக்காரர் நிறுத்திவிடுவார். இங்கே படர்தாமரை மருந்து ஒரு கடையில், வலி மாத்திரை இன்னொரு கடையில், இரண்டுக்கும் பில் கிடையாது.

அதனால் முதல் வேண்டுகோள். அனுமதி கொடுக்கும் நாளில், தமிழில் ஒரு துண்டுச்சீட்டு பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். இட்ராகொனசோல் பெயர், படர்தாமரை என்ற வார்த்தை, வெறும் வயிறு, 14 நாள், இவை அதில் பெரிய எழுத்தில் வரட்டும். பக்கவிளைவைத் தெரிவிக்கும் 1800-180-3024 என்ற இலவச எண்ணை அட்டையின் ஒவ்வொரு துண்டிலும் அச்சடிக்கச் சொல்லுங்கள், வெட்டினாலும் ஒரு துண்டிலாவது மிஞ்சட்டும். இந்த மருந்தை, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் வையுங்கள். சிவப்புக் கட்டமும், வாங்கியவர் பெயரை எழுதி 3 வருஷம் வைத்திருக்கும் பதிவேடும் இருந்தால் கடைக்காரர் ஒரு நிமிஷமாவது யோசிப்பார்.

எச்1 போதும், அதற்கு மேலே தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. மார்ஃபினுக்கு நடந்தது நமக்கு மறக்கக் கூடாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது, நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலையே இருக்கிறது, ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் எழுத ஆள் இல்லாமல் போனது. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடித்தான் 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது டாபென்டடால் என்ற அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பிடிக்கிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அதன் பிறகு ஒழுங்கான சீட்டோடு போகிற என்னையும் கடையில் மேலும் கீழும் பார்க்கிறார்கள். போதை இல்லாத மருந்து என்றால் அந்தப் பார்வை இல்லாமல் வாங்கலாம் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு இதன்மேல் ஆசை வரக் காரணம்.

அடுத்தது கலவை மாத்திரை. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுகிறேன். நம் நாட்டில் எந்த மருந்து வந்தாலும் கொஞ்ச நாளில் அதோடு பாரசிட்டமால், அதோடு பிரிகாபலின், அதோடு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் என்று சேர்த்து ஒரே மாத்திரையாக அடித்துப் பின்னால் பிளஸ், ஃபோர்ட் என்று பெயர் வைத்து இறக்கிவிடுவார்கள். நீங்களே 2016-ல் 344 கலவைகளுக்குத் தடை போட்டீர்கள், கோர்ட்டுக்குப் போய் வந்து 2018-ல் 328, 2024 ஆகஸ்டில் இன்னும் 156. டாபென்டடாலும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் கேரிசோப்ரோடாலும் சேர்ந்த மாத்திரை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த விவகாரம் 2025 பிப்ரவரியில் வெளியே வந்த பிறகு அதையும் நிறுத்தினீர்கள். சரி, தடை போட்டது நல்லதுதான். அதற்குள் சாப்பிட்டவர்கள் சாப்பிட்டுவிட்டார்களே. சுசெட்ரிஜினை எதோடும் கலக்கக் கூடாது என்பதை முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் 2024 ஆகஸ்டில் நீங்கள் போட்ட உத்தரவு. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் அனுமதி பெற்ற சில வகை மருந்துகளுக்கு இங்கே தனியாகச் சோதனை தேவையில்லை என்று தளர்த்தினீர்கள். இப்போதிருக்கும் சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தரும் புது மருந்து என்பதும் அந்த வகைகளில் ஒன்று. சுசெட்ரிஜின் அந்தக் கதவு வழியாக வரலாம், வரட்டும். எங்களைப் போன்றவர்கள் இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டாம். ஆனால் விற்பனைக்கு வந்த பிறகு நடத்த வேண்டிய நாலாம் கட்ட ஆய்வை வெறும் காகிதத்தில் முடித்துவிடாமல் எங்கள் பக்கம் நடத்தச் சொல்லுங்கள். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்தபடி. நாலில் ஒருவருக்கு மேல். இதில் எத்தனை பேர் ராத்திரி பாதம் எரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு ஜிப்மர் இருக்கிறது, சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் என்று ஏற்கெனவே ஒரு கை மாத்திரை முழுங்குகிறவள் இதையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உடம்பு திடமாக இருந்து வயிற்றுச் சதையைக் குறைத்துக்கொண்ட அமெரிக்கப் பெண்மணியின் கணக்கு பதில் சொல்லாது.

இவ்வளவு சந்தேகப்படுகிறாயே, உனக்கு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று கேட்பீர்கள். வலிக்காரனின் ஆசையை வைத்து எவ்வளவு பெரிய வியாபாரம் நடக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கடிதமே சாட்சி. 1980-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கி அபின் வகை மருந்து எடுத்த 11,882 பேரில் 4 பேர் மட்டும் அடிமையானதாகப் பதிவு என்று அதில் இருந்தது. வார்டில் நர்ஸ் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களின் கணக்கு அது. அதை எடுத்துக்கொண்டு, வீட்டில் வருஷக்கணக்கில் சாப்பிட்டாலும் அடிமையாக மாட்டார்கள் என்று சொல்லச் சொல்ல, 1996-ல் ஆக்சிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை சந்தைக்கு வந்து, அதற்கு அடிமையாகிச் செத்தவர்கள் கதை உலகத்துக்கே தெரியும். சில நாள் வலிக்குக் கிடைத்த ஆதாரத்தை நாள்பட்ட வலிக்கு நீட்டியதுதான் அங்கே நடந்த தப்பு. சுசெட்ரிஜினில் போதை இல்லை, அந்த மாதிரி சாவு வராது. ஆனால் அதே நீட்டல் நடக்கும், பணமும் நம்பிக்கையும் போகும்.

பணம் என்றதும் விலை. விலை உங்கள் துறை இல்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அமெரிக்காவில் 2025-ல் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 15.50 டாலர். நாளைக்கு இரண்டு என்றால் 31 டாலர், நம் பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல். நான் வண்டி ஓட்டிய காலத்தில் இரண்டு நாள் சம்பளத்தைச் சேர்த்தாலும் எட்டாத காசு. இதே கம்பெனியின் டிரைகாஃப்டா என்ற நுரையீரல் நோய் மருந்து அங்கே வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் என்றுதான் சந்தைக்கு வந்தது. 2012-ல் மாசம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற ஒரு புற்றுநோய் மருந்தை, காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்து 8,880 ரூபாய்க்கு விற்க வைத்த நாடு இது. அந்தத் துறைக்காரர்கள் இதைப் படித்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

மாத்திரை வரும்வரைக்கும் என்ன செய்வது என்பதையும் மாநிலத் துறையினரிடம் கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலில், 2022-லிருந்து, 3 மாசத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு எம்.ஜி.30 என்று தனிக் குறியீடே இருக்கிறது. எங்கள் ஓ.பி. சீட்டில் அது வருவதில்லை, டிஸ்க் என்றும் சுகர் என்றும்தான் வருகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சுகர் மாத்திரை கொடுக்கிற அக்கா பிரஷர் பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், எங்கள் வீட்டில் நன்றாகவே பார்க்கிறார். அவர் நோட்டில் இன்னும் ஒரு கட்டம் போட்டு, வலி 0-வா 10-ஆ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த 1.98-ஐ நினைத்துத்தான் சொல்கிறேன். காசு செலவில்லாமல் கேட்டுப் பார்க்கக்கூடியது இது ஒன்றுதான்.

புது மருந்துகளைப் பற்றி உங்கள் நிபுணர் குழு கூடிப் பேசிய குறிப்புகளை உங்கள் இணையதளத்தில் போடுகிறீர்கள். இங்கிலீஷில்தான் இருக்கும், பரவாயில்லை, மகள் படித்துச் சொல்லிவிடுவாள். சுசெட்ரிஜின் பெயர் அதில் வரும் நாளில், திடீர் வலிக்கு மட்டும் என்ற வரிக்குப் பக்கத்தில், சயாட்டிகாவுக்கு நடந்த சோதனையில் வெறும் மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை என்ற வரியும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அதை வெட்டியெடுத்து அவள் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்வதாக இருக்கிறேன். கடை முதலாளி சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.